சொல்லாமல் விட்ட உண்ணி

அக்கா இறந்து இருபதாம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அண்ணை எங்கள் வீட்டுக்கு வந்து நினைவு மலருக்கு வாழ்க்கைக் குறிப்பை நான்தான் எழுதித் தரவேண்டும் என்றார்.

"நீர்தானே படிச்ச பிள்ளை."

படிச்ச பிள்ளை என்ற பட்டத்தினால் லண்டனில் எனக்குக் கிடைத்த உத்தியோகங்கள் இவைதான்: மற்றவர்களின் கவுன்சில் படிவங்களை நிரப்புவது, பள்ளிக்கூடத்திலிருந்து வரும் கடிதங்களை வாசித்துச் சொல்வது, டொக்டரிடம் கூடப் போய் மொழிபெயர்ப்பது. இப்போது இறந்தவர்களும் என்னிடம் வரத் தொடங்கிவிட்டார்கள்.

அக்கா எனக்கு உடன்பிறந்தவர் அல்ல. எண்பதுகளின் பிற்பகுதியில் நான் கலியாணமாகி லண்டனுக்கு வந்தபோது, டூட்டிங்கில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் மேல்மாடியில் குடியிருந்தவர். அண்ணை அவருடைய கணவர். அவர்களுக்கு ஒரே மகள். ஒரு குசினி, ஒரு குளியலறை, இரண்டு குடும்பங்கள். சண்டை வந்திருக்க வேண்டும், வரவில்லை. அக்காவின் பெருந்தன்மைதான் காரணம் என்று மலரில் எழுதலாம். உண்மையில் எனக்குச் சண்டை பிடிக்கத் தைரியம் இல்லை. சான்ட்விச் தொழிற்சாலையில் விடியற்காலை ஷிப்ட் செய்த அக்காவுக்கு நேரம் இல்லை.

எங்கள் ஆட்களிடையே ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வருபவர்களின் கையில் கொடுத்தனுப்ப ஒரு சிறு புத்தகம் அச்சடிப்பது வழக்கம். முன்னால் படம், பிறகு தேவாரங்கள், பிறகு வாழ்க்கைக் குறிப்பு, கடைசியில் மலர்வளையம் வைத்தவர்களுக்கும் தேநீர் கொடுத்தவர்களுக்கும் நன்றி. வாழ்க்கைக் குறிப்பின் நடை எல்லோருக்கும் தெரியும். பிறந்த ஊர் எப்போதும் நீர்வளமும் நிலவளமும் நிறைந்தது. இறந்தவர் எல்லோருடனும் இன்முகத்துடன் பழகியவர். வாழ்நாள் முழுதும் எவரையும் பார்த்துச் சிரிக்காதவரைப் பற்றியும் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கும். முடிவில் 'சிறிது காலம் சுகவீனமுற்றிருந்து இறைவனடி சேர்ந்தார்' என்று வரும்.

"என்ன வருத்தம் எண்டு போட வேண்டாம்," என்றார் அண்ணை. "நாளைக்குப் பிள்ளைக்குக் கலியாணம் பேசேக்க பரம்பரை வருத்தம் எண்டு கதை கட்டுவினம்."

"இது பரம்பரை வருத்தம் இல்லையே, அண்ணை. உண்ணி கடிச்சு வந்தது."

"அதைப் போடச் சொல்லுறீரோ? லண்டனுக்கு வந்து உண்ணி கடிச்சு வருத்தம் வந்தது எண்டு? சனம் பேப்பர்ப் பிளேட்டைக் கையில வைச்சுக்கொண்டு சிரிக்கும்."

நான் சரி என்றேன். சரி என்பது எனக்குச் சுலபமாக வரும். உண்ணி என்ற சொல்தான் வராது. எட்டு வருடங்களுக்கு முன் அதைச் சொல்ல வேண்டிய இடத்தில் நான் சொல்லவில்லை. அந்த விஷயம் அண்ணைக்கும் தெரியாது, அவருடைய மகளுக்கும் தெரியாது, அக்காவுக்கும் கடைசிவரை தெரியாது.

அது ஒரு கோடைகால ஒன்றுகூடல். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் எல்லோரும் மான்கள் திரியும் ஒரு பெரிய பூங்காவுக்குப் போயிருந்தோம். என் மகனுக்கு அப்போது பதின்மூன்று மாதம். காலை அளந்து வாங்கிய முதல் சப்பாத்தை அவனுக்குப் போட்டிருந்தேன். புல்லில் உட்கார வைத்தால் ஈரம், நிழலில் வைத்தால் குளிர், வெயிலில் வைத்தால் காய்ச்சல் என்று நான் அவனைத் தூக்கிக்கொண்டே நின்றேன். அவன் ஒரு சப்பாத்தைக் கழற்றி, இடுப்புயரம் வளர்ந்திருந்த பன்னச் செடிகளுக்குள் எறிந்தான். நான் பதறினேன். அக்கா சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே இறங்கி, பத்து நிமிடம் துழாவி, சப்பாத்தோடு வந்தார்.

"இந்தா, உன்ர மகன் கவாஸ்கர்தான். நல்லா எறியிறான்."

"அக்கா, கவாஸ்கர் அடிக்கிறவர். எறியிறவர் இல்லை."

"உனக்கு எல்லாத்திலயும் பிழை பிடிக்க வேணும்," என்றார்.

இரண்டு நாள் கழித்து, குசினியில் நின்றபடி முழங்காலின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்து, மிளகளவு வீங்கியிருந்த ஒன்றைப் பிடுங்கி எடுத்தார்.

"உண்ணி! வெள்ளைக்காரன்ர ஊரிலயும் உண்ணி இருக்குது பார். விசா இருக்கோ எண்டு கேக்காமல் கடிச்சுப்போட்டுது."

இருவரும் சிரித்தோம். ஊரில் மாட்டிலும் நாயிலும் எத்தனை உண்ணி பிடுங்கியிருப்போம். உண்ணிக்குப் பயப்பட்ட மனிதரை நாங்கள் கண்டதில்லை. வேறு யாராவது என்றால் பயந்திருப்பார்களோ என்னவோ. எங்களுக்கு அது பழக்கப்பட்ட பிராணி. அக்கா அதை நகத்தால் நசித்துத் தண்ணீர்த் தொட்டியில் விட்டார். நான் மட்டும் தொட்டியை இரண்டு தரம் கழுவினேன்.

மூன்று கிழமைக்குப் பிறகு அந்த இடத்தில் சாசர் அளவில் ஒரு வளையம் வந்தது. கறுத்த தோலில் அது அவ்வளவு சிவப்பாகத் தெரியவில்லை. காய்ச்சல், கழுத்துப் பிடிப்பு, களைப்பு. டொக்டரிடம் போனோம். மகன் என் மடியில், அக்கா பக்கத்துக் கதிரையில்.

"பிள்ளை, இது பார்க்கில உண்ணி கடிச்ச இடம் எண்டு சொல்லு. அதிலயிருந்துதான் எல்லாம் துவங்கினது."

'ஏதோ பூச்சி கடித்ததாம்' என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

எனக்கு ஆங்கிலச் சொல் தெரியாமல் இல்லை. உயர்தர வகுப்பில் விலங்கியல் படித்தவள். எட்டுக் கால்களையும் வரைந்து, பாகங்களைக் குறித்து, அந்தப் படத்துக்கு நல்ல புள்ளியும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அதற்கு இரண்டு கிழமைக்கு முன்தான் அதே டொக்டரின் நிலையத்திலிருந்து தாதி ஒருவர் பிள்ளையைப் பார்க்க வீட்டுக்கு வந்திருந்தார். மகனின் கன்னத்தில் இருந்த கறுப்புப் பொட்டைப் பார்த்து இது எதனால் செய்தது என்று கேட்டார். அவனுடைய தலைமயிரைப் பேனாவால் விலக்கிப் பார்த்தார். பிறகு ஏதோ எழுதினார். தலைகீழாக வாசிக்க எவ்வளவோ முயன்றும் எனக்கு விளங்கவில்லை. இப்போது டொக்டரிடம் போய் எங்கள் வீட்டில் ஒருவரை உண்ணி கடித்தது என்று சொன்னால், அது பிள்ளையின் கோப்புக்குள் போகும் என்று நினைத்தேன். எங்களை ஊத்தையான ஆட்கள் என்று எழுதிவிடுவார்கள். பூச்சி என்றால் மரியாதையாக இருந்தது. பூச்சி எவரையும் கடிக்கும்.

டொக்டர் நல்ல மனிதர். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவர் பேனாவை வைத்துவிட்டு, "இவர் இலங்கையிலிருந்து எப்போது வந்தார்?" என்று கேட்டார். இரண்டு வருடம் என்றேன். அவருடைய முகம் தெளிந்தது. மலேரியாவுக்கு இரத்தம் எடுக்கச் சொன்னார். அதில் ஒன்றும் இல்லை என்றதும், வெப்பநாட்டு நோய்களுக்கான பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே யானைக்கால் நோய்க்குப் பார்த்தார்கள், காசத்துக்குப் பார்த்தார்கள், குடற்புழுவுக்கும் பார்த்தார்கள். அக்காவின் உடம்புக்குள் எங்கள் நாட்டை அவ்வளவு அக்கறையாகத் தேடினார்கள். நோய் பஸ் ஏறிப்போகும் தூரத்தில் இருந்த பூங்காவிலிருந்து வந்தது என்று ஒருவரும் நினைக்கவில்லை. அப்படி நினைக்க வைத்திருக்கக்கூடிய ஒரே சொல்லை நான் மடியில் பிள்ளையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அந்த இலையுதிர்காலத்தில் அக்காவின் முகம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. வந்தவர்கள் எல்லோரும் ஒவ்வொரு நோயாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருவர் பாரிசவாதம் என்றார். அப்டன் பார்க்கிலிருந்து ஒரு பெண் எண்ணெய் கொண்டுவந்து, இது செய்வினை, ஆனால் சின்னச் செய்வினைதான் என்று ஆறுதல் சொன்னார். முகம் மெல்ல மெல்லத் திரும்பியது, முழுதாகத் திரும்பவில்லை. பிறகு முழங்கால் வீங்கியது. நாட்டில் சண்டை நடப்பதாலும் சொந்தக்காரரைப் பிரிந்திருப்பதாலும் இப்படி வரலாம் என்று டொக்டர் ஒரு மாத்திரை கொடுத்தார். நான் மொழிபெயர்த்தேன்.

"எனக்கு ஏக்கம் இருக்குத்தான்," என்றார் அக்கா. "ஆனா அது முழங்காலில இல்லை எண்டு சொல்லு."

அதையும் நான் கொஞ்சம் மென்மையாக்கித்தான் சொன்னேன்.

பிறகாவது ஏன் சொல்லவில்லை என்று என்னையே கேட்டிருக்கிறேன். அப்படி ஒரு நோய் இருப்பதே எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் எழுத முடிகிறது. ஒருமுறை பூச்சி என்று சொன்ன பிறகு உண்ணி என்று சொல்வதானால், முதலில் சொன்னது பிழை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். படிச்ச பிள்ளைக்கு அது பழக்கமில்லை.

நாலு வருடம் போனது. என் மகன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தான். முழங்காலில் நீர் எடுக்கப் போன ஆஸ்பத்திரியில் ஓர் இளம் பெண் டொக்டர், கோப்பை முதலிலிருந்து வாசித்துவிட்டு, "இவர் எப்போதாவது மான்கள் உள்ள இடத்துக்குப் போயிருக்கிறாரா? உண்ணி கடித்ததா?" என்று கேட்டார்.

நான் ஆம் என்றேன். அக்காவிடம் திரும்பிக் கேள்வியைத் தமிழில் சொன்னேன்.

"இப்பதான் கேக்கினமோ?" என்றார் அக்கா. "அண்டைக்கே சொன்னனாங்கள்தானே. அந்தாள் எழுதாமல் விட்டிட்டார். நாங்கள் சொல்லுறதை இவங்கள் எங்க காதில போடப் போறாங்கள்!"

அந்த நிமிடத்தில் நான் சொல்லியிருக்கலாம். டொக்டர் என் முகத்தைப் பார்த்து, என்ன சொல்கிறார் என்று கேட்டார். "முதலே சொன்னோம் என்கிறார்," என்றேன். வாழ்க்கையில் நான் செய்த மிகச் சரியான மொழிபெயர்ப்பு அதுதான்.

இரத்தத்தில் நோய் தெரிந்தது. லைம் நோய் என்று பெயர். எங்கள் ஆட்கள் எவருக்கும் அந்தப் பெயர் வாயில் நிற்கவில்லை. அக்காவும் அதை 'மான் வருத்தம்' என்றே சொன்னார். பல நாட்கள் நாளத்தில் மருந்து ஏற்றினார்கள். குணமாகிவிட்டது என்று கடிதம் வந்தது. கடிதத்தை நான் வாசித்துச் சொன்னேன். அக்காவின் உடம்புக்கு மட்டும் அது விளங்கவில்லை. முழங்கால் பாதி சுகம். களைப்பு அப்படியே இருந்தது. சில நாட்களில் நெஞ்சு இடறி இடறி அடித்தது. வீட்டுக்கு வருபவர்களிடமெல்லாம் அந்த முதல் டொக்டர் எழுதாமல் விட்ட கதையைச் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒவ்வொருவரிடமும் அப்படி ஒரு டொக்டர் கதை இருந்தது. நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

மருந்து ஏற்றும் இடத்தில் ஒரு வயதான ஆங்கிலேயர் இருந்தார். அவருக்கும் அதே நோய். நாயோடு காட்டுப்பக்கம் நடக்கப் போய்க் கடி வாங்கியவர். அவருக்குத் தமிழ் தெரியாது, அக்காவுக்கு ஆங்கிலம் போதாது. ஆனாலும் ஒருவர் முழங்காலை மற்றவருக்குக் காட்டி, எது பெரிய வீக்கம் என்று போட்டி போடுவார்கள். ஒருநாள் அவர் என்னிடம் சொன்னார்: கடித்த உண்ணியை ஒரு தீப்பெட்டியில் போட்டுத் தன் டொக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினாராம். அந்த டொக்டர் சிரித்துவிட்டு, உங்கள் நாயையும் இப்படித்தானே கடிக்கிறது என்று அனுப்பிவிட்டாராம்.

அன்று வீடு வரும்வரை என் மனம் துள்ளியது. உண்ணியையே கொண்டுபோய்க் காட்டியவருக்கும் இதே கதி என்றால், நான் சொல்லியிருந்தால் மட்டும் என்ன நடந்திருக்கும்? ஒன்றும் நடந்திருக்காது. பஸ்சை விட்டு இறங்கும்போது இன்னொன்று தோன்றியது: அவருடைய டொக்டர் சிரித்தார்; எங்கள் டொக்டர் சிரிக்கும் மனிதர் அல்ல. சொல்லியிருந்தால் எழுதியிருப்பார். எழுதியிருந்தால் அந்தப் பெண் டொக்டருக்கு முதல் வேறு யாராவது வாசித்திருப்பார்கள். அந்தத் தீப்பெட்டியை நான் இன்றுவரை திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறேன்.

அந்த ஆங்கிலேயர் ஒரு குளிர்காலத்தில் இறந்துபோனார். அவருடைய மனைவி அட்டை அனுப்பியிருந்தார். அக்கா பதில் எழுதச் சொன்னார். "உங்கட மனுசன்ர முழங்கால் என்ரயை விடப் பெரிசு எண்டு கடைசிவரைக்கும் நான் ஒத்துக்கொள்ளேல்லை, அது பிழைதான் எண்டு எழுது." நான் 'ஆழ்ந்த அனுதாபங்கள்' என்று எழுதி அனுப்பினேன்.

அதற்கு இரண்டு வருடத்துக்குப் பிறகு, ஒரு காலை வேலைக்கு வெளிக்கிட்டு நின்றபோது அக்காவின் இதயம் நின்றுவிட்டது. பழைய நோய்க்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று ஆஸ்பத்திரியில் கேட்டேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார்கள். என்னைப்போல இன்னொருவரும் மழுப்பிச் சொன்னதைக் கேட்க ஒருவித ஆறுதலாகத்தான் இருந்தது.

வாழ்க்கைக் குறிப்பை ஒரே நாளில் எழுதி முடித்தேன். நீர்வளம், நிலவளம், இன்முகம், சிறிது காலம். ஒரு பிழையும் இல்லாமல் வந்தது. மறுநாள் மகன் பள்ளிக்கூடம் போனபின், இன்னும் இரண்டு பக்கம் ஆங்கிலத்தில் எழுதினேன். பூச்சி என்று சொன்னதை, அதன் பிறகு நாலு வருடம் பேசாமல் இருந்ததை, டொக்டர்மேல் பழி போனபோது தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றதை, எல்லாம். யாருக்கு என்று தலைப்பில் போடவில்லை. மூன்று முறை திருத்தினேன். நான்காவது முறை கிழிக்க எடுத்து, கிழிக்காமல் வைத்தேன்.

வியாழக்கிழமை அக்காவின் மகள் வந்தாள். இருபது வயது, பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். எழுதியதை வாங்கி அச்சகத்தில் கொடுக்க வேண்டும். தமிழ் வாசிப்பாள், எழுத்துக் கூட்டி மெதுவாக. கோட்டைக் கழற்றாமல் குசினி மேசையருகே உட்கார்ந்து, விரலை வரியில் வைத்து வாசித்தாள்.

"அன்ரி, சிறிது காலம் எண்டா கொஞ்ச நாள் தானே?"

"ஓம்."

"எட்டு வருசம் கொஞ்ச நாளா?"

"அது வழக்கமா எழுதிறது, பிள்ளை."

அவள் என் பேனாவை எடுத்து 'சிறிது காலம்' என்பதை வெட்டி, மேலே 'எட்டு வருடம்' என்று எழுதினாள். அப்பாவிடம் தான் பேசிக்கொள்வதாகச் சொன்னாள். பிறகு, "அந்த முதல் டொக்டர் எழுதியிருந்தா இந்த எட்டு வருசமும் இல்லை," என்றாள்.

அப்போதுதான் நான் அந்த இரண்டு பக்கங்களையும் அவளுக்கு முன்னால் வைத்தேன். வாயால் சொல்லியிருக்க வேண்டும். சொல்லத் தொடங்கினால் பாதியில் மென்மையாக்கிவிடுவேன் என்று எனக்கே தெரிந்திருந்தது.

ஆங்கிலத்தை அவள் வேகமாக வாசித்தாள். முடித்துவிட்டு முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போனாள்.

"அம்மா அந்த டொக்டரில எவ்வளவு கோபமா இருந்தவ எண்டு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"நீங்கள் பக்கத்திலயே இருந்தனீங்கள்."

"ஓம்."

"ஒரு நாளும் வாய் திறக்கேல்லை."

மன்னித்துக்கொள் என்று கேட்கலாமா, கேட்டால் அதுவும் அவளிடம் ஒரு வேலையைக் கொடுப்பதாகிவிடுமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"நான் உங்களில கோபம்தான், அன்ரி. எவ்வளவு நாளைக்கு எண்டு தெரியாது." காகிதங்களை என் பக்கம் தள்ளினாள். "மற்றது, இதில அம்மா எங்க? ரெண்டு பேஜிலயும் நீங்கள்தான் இருக்கிறீங்கள். நீங்கள் பயந்தது, நீங்கள் நினைச்சது, நீங்கள் நித்திரை கொள்ளாதது. அதில" என்று தமிழ்க் குறிப்பைக் காட்டினாள், "அதில இருக்கிறது ஆரோ ஒரு மனுசி. எனக்குத் தெரியாதது ஏதாவது அம்மாவைப் பற்றிச் சொல்லுங்கோ. நல்லதா இருக்க வேணும் எண்டு இல்லை."

எனக்கு முகம் சுட்டது. மனச்சாட்சியை அவ்வளவு கவனமாகத் திருத்தி எழுதியிருந்தேன்.

"உங்கட அம்மா சீட்டாட்டத்தில கள்ளம் செய்யிறவ," என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

கிழமையில் இரண்டு நாள், அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வருவதற்கு முன், இதே தெருவிலிருந்து இன்னும் இரண்டு பெண்கள் வருவார்கள். முந்நூற்றி நாலு என்ற சீட்டாட்டம் ஆடுவோம். ஆண்கள் எவருக்கும் தெரியாது. நான் வாசிகசாலைக்குப் போனதாகச் சொல்லியிருப்பேன். அக்காவும் நானும் சோடி. அக்கா வலது புருவத்தைத் தூக்கினால் கையில் பெரிய சீட்டு இருக்கிறது. மூக்கைச் சொறிந்தால் ஒன்றும் இல்லை. மற்ற இருவரும் அக்காவுக்கு மூக்கில் ஏதோ ஒவ்வாமை என்று நம்பி, மருந்துகூடச் சொல்லிக் கொடுத்தார்கள். முகம் இழுத்துக்கொண்ட பிறகு முதல் ஆட்டத்தில் வலது புருவம் அசையவில்லை. அக்காவின் கையில் ஒன்றும் இல்லை என்று நினைத்து ஆடி, நான் எல்லாவற்றையும் தோற்றேன். அக்கா என்னை முறைத்துப் பார்த்தார். பிறகு விளங்கிவிட்டது. சிரிப்பு ஒரு பக்கத்து வாயால் வெடித்து, சீட்டுகள் நிலத்தில் விழுந்தன. மற்றவர்கள் போனபின், "பிள்ளை, இனி இடப்பக்கம் பார், அந்தக் கடை பூட்டியாச்சு," என்றார்.

மகள் சிரிக்கத் தொடங்கி, நடுவில் அழுது, திரும்பவும் சிரித்தாள். கோட்டின் கையால் மூக்கைத் துடைத்தாள்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப உங்களுக்குப் பொய் சொல்லப் பழக்கினது அம்மா எண்டு சொல்லுறீங்களோ?"

"இல்லை. அது எனக்கு முதலே வரும்."

"ஓம்," என்றாள், சிரிக்காமல். "அது எழுதியிருக்கிறீங்கள்."

கேத்தலில் தண்ணீர் கொதித்து நின்றது. நான் எழும்பவில்லை.

"வேற?" என்றாள்.